கன்னம் மாறிய மிட்டாய்

அவள் பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு தலைமையாசிரியர் அறையில். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அதற்கு முன்னால் அந்த ஒன்பது வருஷமும் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. பெற்றவர்கள் சண்டை போட்டு, சமாதானமாகி, யோசித்து வைத்த பெயர். அந்த அறையை விட்டு நாங்கள் வெளியே வந்தபோது அந்தப் பெயருக்கு ஆயுள் முடிந்திருந்தது.

என் வீட்டுக்காரரின் அக்கா மகள் அவள். அதாவது என் நாத்தனார் மகள், எனக்கு மருமகள் முறை, என்னை அத்தை என்பாள். நாத்தனார் என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்பார்கள். எனக்கு வாய்த்தவளோ தூக்கிய முகத்தை இரண்டு நிமிஷம்கூட வைத்திருக்கத் தெரியாமல் சிரித்துவிடுகிற ஜாதி. பெற்றோர் நேரில் வரவும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்ததும், தனியாகப் போக நடுங்கி, என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கணக்கு வாத்தியார் எழுதிக் கொடுத்த புகாரைத் தலைமையாசிரியர் சத்தமாகப் படித்தார். வாத்தியாரின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அவர் கரும்பலகையில் நீளமான வகுத்தல் கணக்கு ஒன்றைப் போட்டு முடித்தாராம். உடனே இந்தப் பெண் எழுந்து நின்று, அவரைப் பார்த்து சபாஷ் என்றாளாம். இது மூன்றாவது முறையாம். கடைசி வரி தலைமையாசிரியருக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், தாளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒருவழியாக எழுத்துக் கூட்டி, "ஆகவே... தக்க நடவடிக்கை... எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தார்.

மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சபாஷ்."

அந்தக் குரலில் கிண்டல் ஒரு துளிகூடக் கிடையாது. அதுதான் சங்கடமே. அந்த மனிதர் அவ்வளவு பாடுபட்டுப் படித்து முடித்தாரே என்று அவளுக்கு உண்மையாகவே மனசு நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. சிரித்துவிடக் கூடாதென்று நாத்தனார் என் தொடையைக் கிள்ளினாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன். இரண்டு பேருக்கும் ஒரு வாரம் தொடை நீலமாக இருந்தது. அன்றைக்கே வகுப்பில் அவளுக்கு சபாஷ் என்று பெயர் விழுந்தது. மாதம் முடிவதற்குள் தெருவுக்கும் அதுதான், பெற்ற தாய்க்கும் அதுதான்.

அடுத்தவர் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டால் இவளால் பொறுக்க முடியாது. பொறாமையில் பொறுக்க முடியாதவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். சந்தோஷத்தில் பொறுக்க முடியாதவள் எங்கள் வம்சத்தில் இவள் ஒருத்திதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் தன் வாயால் மூன்று வேலையைக் கெடுத்துக்கொண்டாள்.

முதலில் பல் டாக்டரிடம் தட்டு ஏந்துகிற வேலை. அரை மணி நேரமாக வாயைத் திறக்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணிய பிள்ளை ஒன்று கடைசியில் ஆவென்று திறந்தது. டாக்டர் விரலை உள்ளே விட்டார். இவள் சபாஷ் என்றாள். பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை, வாயை மூடிச் சிரித்தது. டாக்டரின் விரல் உள்ளேயே இருந்தது.

அடுத்தது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடம். பின் சீட்டில் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுப்பாள். ஒரு மாசமாகப் பின்னால் எடுக்கத் தெரியாமல் தவித்த பெரியவர் ஒருவர், ஒரு நாள் தகர டிரம்மை உரசாமல் அழகாக எடுத்தார். சபாஷ். அவர் நன்றி சொல்ல இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். முதலில் டிரம் போயிற்று. அதற்குப் பின்னால் இருந்த பெயர்ப்பலகை அப்புறம் போயிற்று.

மூன்றாவது, பரீட்சை நடக்கிற ஹாலில் தாள் கொடுக்கிற வேலை. நடந்துகொண்டே ஒரு பையனின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள், சரியான விடை. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா? பின் வரிசையில் பன்னிரண்டு பேரும் அவன் தாளை எட்டிப் பார்த்து அதே விடையை எழுதினார்கள்.

இப்படியே முப்பத்தோரு வயதாயிற்று. அப்பா காலமாகிவிட்டார், தாயும் மகளுமாக ஒரு மாடி அறையில் இருந்தார்கள். அவள் என்னிடம் ஒன்றுதான் சொல்வாள். "எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்ல அத்தை. ஒரே இடத்துல, ஒரே நாற்காலியில, அது தேயற வரைக்கும் உட்காரணும். அவ்வளவுதான்."

அப்போதுதான் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் ஆள் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நாலு மாடிக் கட்டடம், அதில் நாலாவது மாடி. பிள்ளைகளோடு பொறுமையாகப் பழகத் தெரிந்தவர் தேவை என்று போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. இவள் போனாள், சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த அறையை நானே ஒரு முறை பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறத் தரைவிரிப்பு, நடுவில் ஒரு மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. மேஜை மேல் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு குட்டித் திரை. ஒன்று வருகிற பிள்ளைக்கு, ஒன்று சபாஷுக்கு. ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. ஜன்னல் விளிம்பில் பிளாஸ்டர் மூளை ஒன்று உண்டு. கழற்றிக் கழற்றி மாட்டலாம். அதில் ஒரு துண்டு தொலைந்துபோய், அந்த இடத்தில் ஒரு அழிரப்பரைச் செருகி வைத்திருந்தார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் வீட்டிலும் நம் வீட்டு வழக்கம்தான்.

அங்கே நடந்தது ஒரு விளையாட்டு. திரையில் மஞ்சள் பெட்டி ஒன்று, ஊதாப் பெட்டி ஒன்று. ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும். ஒரு பெட்டியில் பத்துக்கு எட்டுத் தடவை நட்சத்திரம் வரும், இன்னொன்றில் பத்துக்கு இரண்டுதான். எது நல்ல பெட்டி என்று சொல்ல மாட்டார்கள், தொட்டுத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டு நிம்மதியாக இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் நல்ல பெட்டியை மாற்றிவிடுவார்கள். விளையாட மூன்று விதமான ஆட்கள் வருவார்கள்: ஏழெட்டு வயதுச் சின்னதுகள், பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை உள்ளவர்கள், அப்புறம் இருபத்தைந்து தாண்டிய பெரியவர்கள். முடிந்ததும் ஒரு இழுப்பறையைத் திறந்து காட்டி, பேனாவோ சாவிக்கொத்தோ பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

இதற்கெதற்கு நாலு மாடிக் கட்டடம் என்று நான் கேட்டேன். அவள் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள்.

"பக்கத்து வீட்டம்மாதான்னு நினைச்சுக் கதவைத் திறக்கறீங்க. அவங்கதான் நிக்கறாங்க. உங்களுக்கு உள்ள ஒண்ணும் ஆகாது. திறந்தா உங்க அண்ணன் நிக்கறாரு, எட்டு வருஷமா வராதவரு. அப்ப மண்டைக்குள்ள ஒரு விளக்கு குப்புனு எரியும். நினைச்சதைவிடக் கூடக் கிடைச்சா எரியும், குறைஞ்சா மங்கும். அது எரியறதுலயும் மங்கறதுலயும்தான் மூளை பாடம் படிக்குதாம். பதிமூணு பதினாலு வயசுல அந்த விளக்குக்கு வெளிச்சம் ஜாஸ்தின்னு பெரிய டாக்டர் நினைக்கறாங்க. அதைத்தான் பார்க்கறோம்."

என் தம்பி மகள் அப்போது எங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள், பதினைந்து வயது. யாரோ ஒரு தோழி போனில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியதற்கு வீடு முழுக்கக் குதித்துவிட்டு வந்து நின்றாள். ஜாஸ்திதான் என்று ஒத்துக்கொண்டேன்.

பெரிய டாக்டர் என்பவர் அந்தக் கூடத்தின் தலைவி, ஐம்பது வயது இருக்கும். சேர்ந்த அன்றே இவளுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். விளையாட்டு நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது, தலை ஆட்டக் கூடாது, கை தட்டக் கூடாது. பிள்ளை நட்சத்திரத்திடம் மட்டும்தான் படிக்க வேண்டும், ஆளிடம் படிக்கக் கூடாது. ஆனால் எது நல்ல பெட்டி என்பது இவள் திரையில் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். சபாஷை உட்கார வைத்து, சரியான விடையை அவள் கையில் கொடுத்து, எதிரே ஒரு பிள்ளையையும் வைத்து, வாயைத் திறக்காதே என்றால்?

முதல் இரண்டு நாள் நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்துக் கடையில் எலுமிச்சை மிட்டாய் ஒரு பை வாங்கினாள், கல் மாதிரிக் கெட்டியாக இருக்குமே, அது. ஆளை உட்கார வைத்ததும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் வாய்க்குப் பூட்டுப் போட்டது போல. அன்றிலிருந்து இரண்டரை வருஷம், அந்த அறையில் ஒரு சபாஷ்கூட விழவில்லை. எங்கள் குடும்பமே மூக்கில் விரலை வைத்தது. என் வீட்டுக்காரர் அந்த மிட்டாயை வாங்கி என் கையிலும் ஒன்று கொடுத்துப் பார்த்தார். அது வேறு கதை.

இரண்டரை வருஷம் முடிகிறபோது முடிவுகளைத் தொகுத்தார்கள். சின்னதுகள் சுமார், பெரியவர்கள் பரவாயில்லை. அந்தப் பதின்மூன்று பதினாறு வயதுக்காரர்களோ பிய்த்து உதறியிருந்தார்கள். பெட்டியை மாற்றின இரண்டாவது மூன்றாவது தொடலிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த மாதிரி யாருமே பார்த்ததில்லை என்று பெரிய டாக்டர் தலைகால் புரியாமல் நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாராம். அங்கே கணினி பார்க்கிற நெட்டையன் ஒருவன் உண்டு, நிமிர்ந்தால் மின்விசிறி இடிக்கும். அவன் மேஜை மேலேயே தாளம் போட்டானாம். அடுத்த வாரம் வெளியூரில் பெரிய கூட்டம். டாக்டர் அங்கே இதைப் பற்றிப் பேசப் போகிறார். போகிற கையோடு சபாஷின் வேலையையும் நிரந்தரமாக்கிவிடுவது என்று தாள் தயாராகிவிட்டது. வெள்ளிக்கிழமை கையெழுத்து.

நாத்தனார் இதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு, சொன்ன வீடுகளுக்கு மறந்துபோய் மறுபடியும் போய்ச் சொன்னாள்.

புதன்கிழமை மத்தியானம் கடைசி ஆளாகப் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்ததால் சபாஷ் அவளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கம்பிப்பல் என்றே சொல்வாள். கம்பிப்பல் அன்றைக்கு அடித்த அடி இதுவரை யாரும் அடிக்காதது. முடிந்ததும் சபாஷ் இழுப்பறையைத் திறந்து எது வேண்டும் என்றாள். அந்தப் பெண் பேனாவைப் பார்த்தாள், சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

"உங்க வாயில இருக்குதே அந்த மிட்டாய் ஒண்ணு குடுங்கக்கா."

"கம்பி கட்டிட்டு இதைக் கடிச்சேன்னா உங்க டாக்டர் என்னைக் கடிப்பாரு. இது எதுக்கு?"

"சும்மாதான். நான் சரியான பெட்டி கிட்ட போனா அது டக்குனு இந்தக் கன்னத்துக்கு வருது. தப்பு கிட்ட போனா அந்தக் கன்னத்துலயே கிடக்குது. அது என்ன மிட்டாய்னு பார்க்கணும்."

வாயில் இருந்த மிட்டாய் அப்படியே தொண்டைக்குள் போயிற்று. கம்பிப்பல்தான் முதுகில் நாலு குத்துக் குத்தி அதை வெளியே எடுத்தாள். மூச்சு வந்ததும் சபாஷ் கேட்ட முதல் கேள்வி, "நீ அதைப் பார்த்துத்தான் விளையாடினியா?"

"பார்க்கணும்னு பார்க்கலக்கா. கை தானா போச்சு. முடியற நேரத்துலதான் எனக்கே தெரிஞ்சுது. நட்சத்திரம் என்னக்கா நட்சத்திரம், சும்மா வருது போகுது. உங்க கன்னம் துள்ளுது பாருங்க, அதுதான் ஜாலியா இருந்துச்சு."

அன்று சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. இரண்டு எவர்சில்வர் டம்ளரும் ஒரு சட்டைப் பொத்தானும் கேட்டாள். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு டம்ளருக்கு அடியில் பொத்தானை வைத்தாள். வாயில் மிட்டாய். நான் கண்ணைத் திறந்து, கையை இங்கும் அங்கும் நீட்டிப் பார்த்து, எதிலிருக்கிறது என்று தொட வேண்டும். தொட்டதும் திறந்து காட்டுவாள். பத்துத் தடவை. நான் டம்ளரையே முறைத்து முறைத்துப் பார்த்தேன். பத்துக்கு நாலு.

அதற்குள் மகளைத் தேடிக்கொண்டு நாத்தனார் வந்துவிட்டாள். அவளையும் உட்கார வைத்தோம். பத்துக்கு மூன்று. டம்ளர் கோணலாக இருக்கிறது, பொத்தான் உருளுகிறது, வெளிச்சம் போதவில்லை என்று அவள் சொன்ன காரணம் மட்டும் ஏழு.

பிறகு தம்பி மகளைக் கூப்பிட்டோம். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. முதல் இரண்டும் தப்பு. மூன்றாவது சரி, நாலாவது சரி, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.  எப்படிடி என்று கேட்டேன்.

"தெரியல அத்தை. இந்த டம்ளர் பக்கம் கை போகும்போது நல்லா இருந்துச்சு."

அப்போதுதான் நான் சபாஷின் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அவள் வாயைத்தான் மூடியிருந்தாள். பிள்ளையின் விரல் சரியான டம்ளர் பக்கம் போகும்போது, உள்ளே மூடி வைத்த சபாஷ் அத்தனையும் அந்த மிட்டாயைத் தள்ளிக்கொண்டு ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஓடியது. பல்லில் பட்டு டக்கென்று ஒரு சத்தம் வேறு. ஒரு முறை தெரிந்துவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். தம்பி மகள் சிரித்தாள். சபாஷும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே டம்ளரை நிமிர்த்தி வைத்துவிட்டு, சிரிப்பு நின்ற பிறகு பொத்தானை விரலால் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனாருக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் அவள் சொன்னது இதுதான்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயை மூடிட்டு இரு. ரெண்டரை வருஷம் மூடினவதானே, இன்னும் ரெண்டு நாள் மூட மாட்டியா? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைச்ச கதையா ஆயிடும்."

"அவங்க அத்தனை பேர் முன்னாடி போய் நின்னு பேசப் போறாங்கம்மா. எல்லாம் தப்பு."

"தப்புன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்குத் தெரியும். இப்ப உனக்கும் தெரியும், நாளைக்கு விடியறதுக்குள்ள தெருவுக்கே தெரியும்."

நாத்தனார் எழுந்து டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். தன்னைப் பற்றி அவளுக்கே தெரியும் அல்லவா?

 வாயால் வேலை போன பெண்ணுக்கு, வாயை மூடினால் வேலை நிற்கும் என்கிற நிலைமை முதல் தடவையாக வந்திருக்கிறது. மூடிக்கொள் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை, திறந்துவிடு என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. போகும்போது மிட்டாய்ப் பையை என் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலையில் நடந்ததை அவளும் சொல்லியிருக்கிறாள், நெட்டையனும் பிற்பாடு என் வீட்டில் டீ குடிக்கும்போது நடித்தே காட்டியிருக்கிறான். ஆகையால் இது இரண்டு வாய் வழியாக வந்தது.

டாக்டர் அந்த அறையில் தன் பேச்சை நெட்டையனிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சபாஷ் நேராகப் போய் நின்று, கம்பிப்பல் சொன்னதையும், டம்ளரையும், தம்பி மகளையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"எத்தனை நாளா இந்த மிட்டாய்?" என்றார் டாக்டர்.

"சேர்ந்த மூணாம் நாள்லேர்ந்து மேடம்."

டாக்டர் கையிலிருந்த தாள்களை மேஜையில் வைத்தார், அதன் மேல் நெற்றியை வைத்தார்.  பிறகு தலையைத் தூக்காமலே, பதிவுகளைப் போடச் சொன்னார். விளையாடுகிறவர்களின் முகத்தைப் படம் பிடிக்க மூலையில் ஒரு காமிரா உண்டு. அவர்களுக்குப் பின்னால்தான் அந்தக் கண்ணாடி அலமாரி. இரண்டரை வருஷமாக அந்தக் கண்ணாடியில் சபாஷின் முகம் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. இப்போது மூன்று பேரும் பார்த்தார்கள். இடது கன்னம். விரல் கிட்டே போகிறது. டக். வலது கன்னம். விரல் தொடுகிறது. நட்சத்திரம். மறுபடி இடது கன்னம். நெட்டையன் பதிவை ஓட்டி ஓட்டி நிறுத்தினான். மிட்டாய் முந்துகிறது, விரல் பிந்துகிறது, ஒவ்வொரு தடவையும்.

பிறகு சின்னதுகளின் பதிவு. அதுகள் நட்சத்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பெரியவர்களின் பதிவு. அவர்கள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு திரைக்குள்ளேயே தலையை விட்டிருந்தார்கள். எதிரே ஒருத்தி மிட்டாயை உருட்டுவது அவர்கள் கண்ணிலேயே படவில்லை, என்னை மாதிரி.

டாக்டர் எழுந்து நின்றார். மெதுவாக, தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "சின்னதுங்களுக்கு நட்சத்திரம் போதும். பெரியவங்க நான் சொன்ன விதியைப் பிடிச்சுக்கறாங்க. நடுவுல இருக்கறவங்களுக்கு ரெண்டும் பத்தல. எதிர்ல ஒரு ஆள் சந்தோஷப்படறதுதான் அவங்களுக்குப் பெரிய பரிசு. அந்தப் பரிசைப் பார்த்துத்தான் படிச்சிருக்காங்க. அப்படித்தான் இருக்கணும்."

"சபாஷ்," என்றாள் இவள்.

இரண்டரை வருஷத்துச் சபாஷ். மிட்டாய் இல்லாத வாய், காவலில்லாத வீடு. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அவளையே பார்த்தார். அவர் முகம் சிவந்து, காது வரைக்கும் சிவந்து, ஐம்பது வயது மனுஷி ஸ்கூல் பிள்ளை மாதிரி பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நெட்டையன் சிரித்தான். டாக்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்ததில் ஜன்னலில் இருந்த மூளை விழுந்து கழன்று, அழிரப்பர் உருண்டு அலமாரிக்கடியில் போயிற்று. மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்து அதைத் தேடினார்களாம். தேடுவதை விட்டுவிட்டு அங்கேயே படுத்துச் சிரித்தார்களாம். டீ கொண்டுவந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, டீயை வெளியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சிரித்து முடித்தால் விடிந்துவிடுமா? அந்த வயதுப் பிள்ளைகளின் பதிவு அத்தனையும் வீண். கூட்டத்துக்கு வரவில்லை என்று டாக்டர் தானே எழுதி அனுப்பினார். வெள்ளிக்கிழமை கையெழுத்தும் விழவில்லை. இந்த வேலையே இருக்குமா என்று தெரியாதபோது எதை நிரந்தரமாக்குவது? ஆனால் ஒன்று சொன்னார். "தப்பு உங்க வாயில இல்ல. எதிர்ல நாற்காலி போட்டு, விடையை உங்க கையில குடுத்து உட்கார வெச்சது நான்."

நாத்தனார் ஒரு வாரம் மகளோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததை என்னிடம் வந்து தினமும் மணிக்கணக்காகப் பேசினாள்.

அடுத்த மாதம் மேஜைக்கு நடுவில் ஒரு அட்டையை நிறுத்தி, மறைத்து வைத்து விளையாட விட்டார்கள். பதினாலு வயதுக்காரர்களின் அந்த அசுர வேகம் இறங்கிவிட்டது. முழுக்க இறங்கவில்லை, கொஞ்சம் மிச்சம் இருந்தது. விளக்கு பொய்யில்லை, ஆனால் நாங்கள் நினைத்த அளவுக்கு அதை ஏற்றியது நட்சத்திரம் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். அப்புறம் அட்டையை எடுத்துவிட்டு, எதிரே ஆளை மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். நெட்டையன் மிட்டாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவன் மிட்டாய் அவன் இஷ்டத்துக்கு ஓடியது, பிள்ளைகள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, அவனுக்குப் பல்வலி வந்ததுதான் மிச்சம். நாடகத்தில் நடிக்கிற ஒரு பெண்ணைக் கூட்டிவந்து சந்தோஷப்படுகிற மாதிரி நடிக்கச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில், இந்த அக்கா சும்மா பண்றாங்க என்று ஒரு பையன் சொல்லிவிட்டான். ஒரு நாளைக்கு ஆறு பிள்ளை, ஒரு பிள்ளைக்கு நூறு தொடல், ஒவ்வொரு தொடலுக்கும் மனசார பூரித்துப்போக ஆள் வேண்டும். அந்த ஆள் உலகத்தில் எங்கே கிடைப்பாள் என்று டாக்டர் கேட்டாராம். நெட்டையன் பேசாமல் சபாஷின் தலைக்கு மேலே விரலை நீட்டினானாம்.

ஒரு நாள் காலையில் எங்கள் வாசலில் மணி அடித்தது. பக்கத்து வீட்டம்மாதான் என்று நினைத்துத் திறந்தேன். நாத்தனாரும் சபாஷும் நின்றார்கள், நாத்தனார் கையில் கையெழுத்துப் போட்ட தாள். அந்த வெள்ளிக்கிழமை கழிந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. எனக்கு உள்ளே குப்பென்று எரிந்தது. அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"எரிஞ்சுதா அத்தை?"

"எரிஞ்சுதுடி. உள்ள வா, செருப்பை ஒழுங்கா கழட்டு."

இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அதே கட்டடத்தில், நாலாவது மாடியில், அதே அறையில் வேலை பார்க்கிறாள். மிட்டாயை அலுவலகமே வாங்கிக் கொடுக்கிறது. அவளுடைய நாற்காலிக்கு ஒரு முறை துணி மாற்றியிருக்கிறார்கள்.